நடுக்கடலில் எஞ்சின் நின்றால்: தீவுப்பகுதிப் படகுகளுக்கு அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியின் குறிகட்டுவான் இறங்குதுறையில் காலையில் நின்றவர்களுக்கு இந்தக் காட்சி பழகியது. நெடுந்தீவிலிருந்து வரவேண்டிய படகு நேரத்துக்கு வரவில்லை. முதல் பத்து நிமிடம் யாரும் ஒன்றும் கதைக்க மாட்டார்கள். அப்புறம் ஒருவர் எழும்பிப் போய்த் துறையின் நுனியில் நின்று தென்மேற்கே பார்ப்பார். அவரைப் பார்த்து இன்னொருவர். அந்தப் படகில் பெரியாஸ்பத்திரிக்குக் கிளினிக் வருகிற வயதானவர்கள் இருப்பார்கள், மீன்பெட்டி இருக்கும், கைக்குழந்தையோடு ஒரு தாய் இருப்பாள். கரையில் நிற்பவர்கள் எல்லோரும் அவர்களை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

நான் இந்தப் பக்கத்துப் படகுகளின் எஞ்சின் வேலை பார்ப்பவன். நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு என்று எந்தத் தீவுப் படகு நடுவழியில் நின்றாலும் பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்: எரிபொருளில் தண்ணீர், குளிர்நீர் வாயில் சாதாளை என்ற கடற்புல், புரொப்பெல்லரில் சிக்கிய கயிறு அல்லது வலை. மூன்றையும் கையோடு கொண்டுபோகும் சாமான்களால் கடலிலேயே சரிசெய்யலாம். ஆனால் பதற்றத்தில் கழற்றக் கூடாததைக் கழற்றி, ஒரு சின்ன ஆணியைக் கடலில் போட்டுவிட்டு நிற்பவர்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். அதனால்தான் அறிகுறியை வைத்து இதை எழுதுகிறேன். உங்கள் படகு என்ன செய்கிறது என்று பாருங்கள். அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

இங்கே ஓடுபவை இரண்டு வகை. கண்ணாடி இழைப் படகில் பூட்டிய வெளியிணைப்பு எஞ்சின்; அது பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடுவது. மற்றது பயணிகள் ஏறும் மரப்படகின் உள்ளே இருக்கும் டீசல் எஞ்சின். முதல் வகையை விரிவாகச் சொல்கிறேன், டீசலுக்குத் தனியாக ஒரு பகுதி உண்டு.

எதையும் கழற்றுவதற்கு முன்

நங்கூரத்தைப் போடுங்கள். எஞ்சின் மூடியைத் திறக்க முதல், போனை எடுக்க முதல், நங்கூரம்.

தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்றில் நெடுந்தீவு வழியில் எஞ்சின் நின்றால் படகை வடகிழக்கே, நயினாதீவு அனலைதீவுப் பக்கமாகத் தள்ளும். கரை கிட்ட வருகிறதே என்று சந்தோசப்படக் கூடாது. அந்தக் கரையோரம் ஆழம் குறைந்தது, முருகைக்கல் உள்ளது. அலை தூக்கி ஒருமுறை கல்லில் வைத்தால் படகின் அடி போய்விடும். வடகிழக்கிலிருந்து வரும் வாடைக் காற்றில் இதற்கு எதிர்மாறு: தென்மேற்கே, இராமேசுவரம் பக்கமாகத் திறந்த கடலுக்கு இழுத்துக்கொண்டு போகும். இரண்டு காலத்திலும் நீங்கள் பிளக் கழற்றிக்கொண்டிருக்கும் கால் மணித்தியாலம் வீணாகாமல் இருக்க வேண்டும் என்றால் படகு ஓர் இடத்தில் நிற்க வேண்டும்.

கயிற்றின் நீளத்தில்தான் பலர் பிழை விடுகிறார்கள். ஆழத்தைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு விட்டால்தான் நங்கூரம் படுத்து நிலத்தைப் பிடிக்கும். ஐந்து மீற்றர் ஆழம் என்றால் 25 முதல் 35 மீற்றர். பத்து மீற்றர் கயிற்றோடு வரும் படகுகளைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அந்த நங்கூரம் நிலத்தில் உரசிக்கொண்டே வருமே தவிரப் பிடிக்காது. கட்டுவது அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில் மட்டும். எஞ்சினில் வேலை செய்ய வசதி என்று பின்பக்கம் கட்டினால், அலை முகம் கொடுக்காமல் பின்னால் ஏறி உள்ளே விழும்.

அப்புறம் பயணிகள். உயிர்காப்பு அங்கியை எல்லோரும் போடச் சொல்லுங்கள், எழும்ப வேண்டாம் என்று சொல்லுங்கள், என்ன நடந்தது என்பதையும் ஒரு வசனத்தில் சொல்லுங்கள். "எஞ்சினுக்குள் புல் போயிட்டுது அம்மா, எடுத்துப்போட்டு வெளிக்கிடுவம்" என்று ஓட்டி சொன்னால் படகு அமைதியாகிவிடும். ஒன்றும் சொல்லாமல் குனிந்துகொண்டு நின்றால் பத்துப் பேர் எட்டிப் பார்க்க வருவார்கள், படகு சரியும்.

இருபது நிமிடத்தில் சரிவராது என்று பட்டால் கரைக்குச் சொல்லிவிடுங்கள். போன் சிக்னல் இருக்கும்போதே சொல்ல வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. விஎச்எப் வானொலி உள்ள படகு என்றால் 16ஆம் அலைவரிசை. உதவி கேட்டுவிட்டு அப்புறம் எஞ்சின் ஓடினால் யாருக்கும் நட்டம் இல்லை, திரும்ப எடுத்துச் சொன்னால் சரி.

எஞ்சின் ஸ்டார்ட் ஆகவே இல்லை

கயிற்றை இழுத்து இழுத்துக் கை சோர்வதற்கு முன் நான்கு விடயங்களைப் பாருங்கள். நிறுத்தும் பொத்தானில் கொளுவும் சிவப்புக் கயிறு அதன் இடத்தில் இருக்கிறதா? கியர் நடுவில் இருக்கிறதா? தாங்கி மூடியில் உள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? எரிபொருள் ரியூபில் உள்ள ரப்பர் பந்து அமுக்கினால் இறுகுகிறதா? சிவப்புக் கயிறு கழன்று கிடந்ததற்காக, இன்னொரு படகைக் கூப்பிட்டுக் கட்டி இழுத்துவந்த எஞ்சின்களைப் பார்த்திருக்கிறேன். வெட்கப்பட ஒன்றும் இல்லை. கடலில் கண்முன் இருப்பதுதான் முதலில் மறைகிறது.

நான்கும் சரி என்றால், மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு ஒரு கேள்வி: நேற்று எதில் ஓடியபடி நிறுத்தினீர்கள்? இந்த எஞ்சின் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி, சூடு பிடித்த பின்தான் மண்ணெண்ணெய்க்கு மாறும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. நேற்று மண்ணெண்ணெயிலேயே ஓடிவந்து துறையில் அப்படியே நிறுத்தியிருந்தால் காபரேற்றர் கிண்ணம் முழுக்க இப்போது மண்ணெண்ணெய்தான் நிற்கிறது. எத்தனை தரம் இழுத்தாலும் அது பிடிக்காது. கிண்ணத்தின் அடியில் ஒரு வடிகால் ஆணி இருக்கும். கீழே ஒரு வெட்டிய போத்தலைப் பிடித்து அதைத் தளர்த்தி வடியவிடுங்கள். ஆணியை முழுதாகக் கழற்ற வேண்டாம். வடிந்ததும் இறுக்கி, மாற்றுத் திறப்பைப் பெற்றோலுக்குத் திருப்பி, பந்தை அமுக்கி நிரப்பிவிட்டு இழுங்கள். இனிமேல் துறைக்கு வர ஐந்து நிமிடம் இருக்கும்போதே பெற்றோலுக்கு மாற்றிவிடுங்கள். அடுத்த நாள் காலை அந்த ஐந்து நிமிடத்தின் அருமை தெரியும்.

பெற்றோல் மணம் மூக்கில் அடிக்கிறது என்றால் எரிபொருள் அளவுக்கு மிஞ்சிப் போயிருக்கிறது. சோக்கை உள்ளே தள்ளுங்கள், திறொட்டிலை முழுதாகத் திறவுங்கள், எட்டுப் பத்துத் தரம் இழுங்கள். பிடித்தவுடன் திறொட்டிலைக் குறைக்க மறக்க வேண்டாம்.

இன்னும் இல்லை என்றால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது, பொறி இல்லை. துடைத்துக் காயவைத்து, அல்லது பையில் உள்ள புதிய பிளக்கைப் போட்டு முயலுங்கள். காய்ந்து கிடந்தால் பொறி அல்ல, எரிபொருள்தான் வரவில்லை. "கொஞ்ச நேரம் ஓடி, சத்தம் அடங்கி, நிற்கிறது" என்ற தலைப்புக்குப் போங்கள். பிளக் தொப்பிக்குள் பச்சை பிடித்திருந்தால் அது உப்பின் வேலை. கத்தி நுனியால் சுரண்டிவிடுங்கள், பெரும்பாலும் அதோடு பொறி வந்துவிடும். பொறி பார்க்கப் பிளக்கை எஞ்சினின் இரும்பில் தொடுத்து இழுப்பவர்கள், பெற்றோல் கானை மூடித் தள்ளி வைத்துவிட்டு, சிந்தியதைத் துடைத்துவிட்டுச் செய்யுங்கள்.

இழுகயிறு வரவே மறுத்தால் பலத்தைக் காட்ட வேண்டாம். கியர் விழுந்திருக்கலாம், சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கலாம், அல்லது ஒயில் கலக்காமல் ஓடி இறுகியிருக்கலாம். பிளக்குகளைக் கழற்றிவிட்டு மெதுவாக இழுத்துப் பாருங்கள். தண்ணீர் என்றால் பிளக் துவாரத்தால் பீறி வெளியே வரும். அப்போதும் அசையவில்லை என்றால் கடலில் செய்ய ஒன்றும் இல்லை. இழுவைக்குக் கூப்பிடுங்கள்.

துறையில் நன்றாக ஓடுகிறது, அலையில் நிற்கிறது

"கட்டிவைத்து அரை மணி ஓட்டினன், ஒரு குறையும் இல்லை, துறை தாண்டி வெளிக்கடல் வந்ததும் விக்கி விக்கி நிற்குது." இந்தப் பகுதியில் நான் அதிகம் கேட்ட வசனம் இதுதான். சிலர் கோயிலுக்கு நேர்த்தி வைத்தும் பார்த்திருக்கிறார்கள். நேர்த்தி வையுங்கள், தாங்கியையும் பாருங்கள்.

எரிபொருளில் தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் பாரமானது, தாங்கியின் அடியில் படிந்திருக்கும். அமைதியான துறையில் உறிஞ்சும் குழாய் அதற்கு மேலே நின்று நல்ல எண்ணெயை மட்டும் எடுக்கிறது. அலையில் படகு ஆட, அடியில் கிடந்தது கலங்கிக் குழாய்க்குள் போகிறது. காபரேற்றருக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போனாலே எஞ்சின் விக்கும்.

உறுதிப்படுத்துவது சுலபம். ரியூபைக் கழற்றி, பந்தை அமுக்கி, கண்ணாடி போன்ற வெறும் தண்ணீர்ப் போத்தல் ஒன்றுக்குள் கொஞ்சம் எடுங்கள். ஐந்து நிமிடம் அசையாமல் மடியில் வைத்திருங்கள். அடியில் வேறு நிறத்தில் ஒரு படை பிரிந்தாலோ, முத்து முத்தாக உருண்டாலோ, அது தண்ணீர்தான்.

கடலில் செய்ய வேண்டியது: மேலதிகக் கானில் உள்ள எரிபொருளையும் இதேபோல் சோதியுங்கள். நல்லது என்றால் ரியூபை நேராக அந்தக் கானுக்கு மாற்றிவிடுங்கள். காபரேற்றர் கிண்ணத்தை வடியுங்கள், வடிகட்டிக் கிண்ணத்தில் நிற்பதை வடியுங்கள், பந்தை அமுக்கிப் புதிய எண்ணெயை நிரப்புங்கள். ஓடத் தொடங்கினாலும் பத்து நிமிடம் விக்கல் இருக்கும், பயப்படாமல் நடுத்தர வேகத்தில் போங்கள். மாற்றுக் கான் இல்லை என்றால் தாங்கியைச் சரித்து வைத்து, தண்ணீர் ஒரு மூலைக்குப் போன பின், மறு மூலையிலிருந்து மெதுவாக எடுக்கலாம்.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. அதற்கு முன்னும் பின்னும் கிடைத்ததைக் கிடைத்த கானில் வாங்கிச் சேர்த்து வைத்த நாட்கள் அவை. பீப்பாயின் அடி எண்ணெயையும் யாரும் விடவில்லை. அப்போது என்னிடம் வந்த எஞ்சின்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு வருத்தம்தான். என் சொந்தப் படகும் தப்பவில்லை. ஒரு கடையில் வாங்கிய இருபது லீற்றரை வடிக்காமல் ஊற்றிவிட்டு, அனலைதீவுக்கு இந்தப் பக்கம் இரவு எட்டு மணிக்கு நங்கூரத்தில் கிடந்தேன். அன்றிலிருந்து பழைய வேட்டித் துணியை நாலாக மடித்துப் புனலில் வைக்காமல் ஒரு சொட்டும் ஊற்றுவதில்லை. துணி தூசியைத்தான் பிடிக்கும், தண்ணீரை முழுதாகப் பிடிக்காது. அதற்குக் கானை ஓர் இரவு அசையாமல் வைத்துவிட்டு, மேலே இருந்து ஊற்றி, அடியில் கடைசி ஒரு லீற்றரை விட்டுவிடுவதே வழி. விலையைப் பார்த்தால் மனம் கேட்காதுதான். அந்த ஒரு லீற்றர் தேங்காய்த்தும்பு பற்றவைக்க உதவும்.

கொஞ்ச நேரம் ஓடி, சத்தம் அடங்கி, நிற்கிறது

ரப்பர் பந்தைப் பாருங்கள், அதுவே சொல்லிவிடும்.

பந்து உள்ளே ஒட்டிச் சப்பையாகியிருந்தால் தடை பந்துக்கும் தாங்கிக்கும் நடுவில் உள்ளது. முதலில் தாங்கி மூடியின் காற்றுத் திருகு. அதைத் திறந்ததும் "உஸ்" என்று காற்று உள்ளே போனால் வேறு ஒன்றும் தேட வேண்டாம். பந்து தொளதொளவென்று இருந்து எவ்வளவு அமுக்கினாலும் இறுகவில்லை என்றால் எங்கோ காற்று உறிஞ்சுகிறது: ரியூப் வெடிப்பு, கவ்வி தளர்வு, அல்லது தாங்கியில் எண்ணெயே இல்லை. பந்து கல்லைப் போல் இறுகியிருந்தும் எஞ்சின் பசியில் நிற்கிறது என்றால் தடை பந்துக்கு அப்பால், எஞ்சின் வடிகட்டியிலோ காபரேற்றரிலோ இருக்கிறது. எஞ்சின் அடங்கும்போது ஒருவர் பந்தை அமுக்கிக்கொண்டே இருந்தால் உயிர் வருகிறதா? எரிபொருள் பம்பின் ரப்பர்த் தகடு போய்விட்டது. அப்படியே மாறி மாறி அமுக்கிக்கொண்டு கரை சேரலாம். கை நோகும், ஆனால் சேரலாம்.

குளிர்நீர்த் தாரை நின்றுவிட்டது

ஓடும் எஞ்சினின் பக்கத்தால் ஒரு மெல்லிய தாரை பாய்ந்துகொண்டே இருக்கும். ஓட்டியின் ஒரு கண் எப்போதும் அதில் இருக்க வேண்டும். அது மெலிந்தாலோ, நின்றாலோ, ஆவியாக வந்தாலோ உடனே எஞ்சினை நிறுத்துங்கள். "இன்னும் ஐந்து நிமிடத்தில் துறை வந்துவிடும்" என்று ஓட்டிய பலர் எஞ்சினுக்குப் புதிய பிஸ்ரன் வாங்கியிருக்கிறார்கள்.

நம் கடல் ஆழம் குறைந்தது, அடியில் சாதாளை செறிந்து வளர்ந்தது. சோளகம் கிளப்பும்போது அறுந்த சாதாளை மேலே பாயைப் போல மிதக்கும். அதற்குள்ளால் போனால் நீர் உள்ளே போகும் சல்லடை அடைத்துவிடும். இப்போது சாதாளையோடு பொலித்தீன் பையும் சேர்ந்துவிட்டது. பை இன்னும் மோசம். எஞ்சினை நிறுத்தியதும் தானாகவே விலகிப் போய்விடும், நீங்கள் தூக்கிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது, திரும்ப ஓட்டினால் திரும்ப ஒட்டும்.

எஞ்சினைத் தூக்கிச் சல்லடையைக் கையால் துடையுங்கள். இறக்கி ஓட்டிப் பாருங்கள். தாரை வரவில்லை என்றால் தாரை வரும் துவாரத்தில் மணலோ உப்போ இறுகியிருக்கலாம். தடித்த தங்கூசி (நைலோன் மீன்பிடி நூல்) துண்டு ஒன்றை உள்ளே விட்டுக் குத்துங்கள். கம்பியும் சரி, ஆனால் தங்கூசி உள்ளே வளைந்து போகும், ஒன்றையும் கீறாது. அதற்கும் வரவில்லை என்றால் உள்ளே இருக்கும் நீர்ப் பம்பின் ரப்பர்ச் சக்கரம் இதழ் ஒடிந்திருக்கிறது. அதைக் கடலில் மாற்ற முடியாது. வேறு உதவி இல்லாதபோது, எஞ்சினை நன்றாக ஆறவிட்டு, மிகக் குறைந்த வேகத்தில் இரண்டு மூன்று நிமிடம் ஓட்டி, நிறுத்தி, திரும்ப ஆறவிட்டு, இப்படித்தான் ஊர வேண்டும். கல்லில் ஏறப்போகும் நிலை வந்தால் மட்டும் செய்யுங்கள்.

கொதிக்கும் எஞ்சின் மேல் வாளியால் கடல்நீர் ஊற்றாதீர்கள். சூட்டு இரும்பு வெடிக்கும். மூடியைத் திறந்து காற்றில் ஆறவிட்டால் போதும். ரப்பர்ச் சக்கரத்தை ஆண்டுக்கு ஒருமுறை, சோளகம் தொடங்க முதல் மாற்றிவிடுங்கள். கரையில் தண்ணீர் இல்லாமல் "சும்மா ஒருக்கா" ஓட்டிப் பார்ப்பது அந்தச் சக்கரத்தைக் கொல்லும். ஒரு நிமிடமே அதிகம்.

எஞ்சின் அலறுகிறது, படகு நகரவில்லை

எஞ்சினை நிறுத்தி, சிவப்புக் கயிற்றைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுங்கள். அப்புறம்தான் எஞ்சினைத் தூக்கிப் புரொப்பெல்லரில் கை வைக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பே இல்லை. கையால் புரொப்பெல்லரைச் சுற்றும்போது சூடான எஞ்சின் ஒருமுறை பிடித்தால் விரல் போய்விடும்.

சுற்றியிருப்பது வலை, கயிறு, உரப்பை நூல் எதுவானாலும் சுற்றிய திசைக்கு எதிர்த்திசையில் திருப்பிக்கொண்டே எடுங்கள், வராததை வெட்டுங்கள். தங்கூசி என்றால் வெளியே தெரிவது போனதும் வேலை முடியவில்லை. அது புரொப்பெல்லருக்குப் பின்னால் தண்டில் இறுகி, ஒயில் கசியாமல் தடுக்கும் 'சீல்' என்ற ரப்பர் வளையத்தை அறுக்கும். கரைக்கு வந்ததும் புரொப்பெல்லரைக் கழற்றிப் பாருங்கள், கியர் ஒயிலையும் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால்தேத்தண்ணீர் நிறத்தில் இருந்தால் உள்ளே கடல்நீர் போய்விட்டது. அப்படியே விட்டால் கியர்ச் சக்கரங்கள் துருப்பிடித்துவிடும்.

ஒன்றும் சுற்றவில்லையா? சிறிய எஞ்சின்களில் தண்டுக்கு ஊடாக ஒரு மெல்லிய ஊசி இருக்கும். புரொப்பெல்லர் கல்லில் மோதும்போது கியரைக் காப்பாற்ற அது தானே ஒடிந்து கொடுக்கும். பையில் மாற்று ஊசி இரண்டு இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக இரும்பாணியை வெட்டிப் போட்டுக் கரை வந்தவர்கள் உண்டு. கரை வந்ததும் அதைக் கழற்றிவிடுங்கள், அடுத்த கல்லில் ஆணி ஒடியாது, கியர் ஒடியும். பெரிய எஞ்சினில் ஊசிக்குப் பதிலாக நடுவில் ரப்பர் இருக்கும். அது வழுக்கத் தொடங்கினால் மெதுவாகக் கொடுக்கும்போது பிடிக்கும், வேகம் கூட்டினால் அலறும். மெதுவாகவே போய்ச் சேருங்கள்.

இன்னொன்று, அணியத்தில் சீமெந்துப் பையோ ஆட்களோ அதிகம் இருந்தால் பின்பக்கம் எழும்பி, புரொப்பெல்லர் அலைக்கு அலை காற்றைக் குடித்து அலறும். இதற்குச் சாவி எதுவும் வேண்டாம், பாரத்தைப் பின்னுக்கு நகர்த்துங்கள்.

படகு முழுக்க நடுங்குகிறது

புரொப்பெல்லர் இதழ் ஒன்று வளைந்திருக்கிறது. முருகைக்கல் நினைவிருக்கும். வேகத்தைக் குறைத்துப் போங்கள். கரையில் அடித்து நிமிர்த்துவதை விட வேலை தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது. இதழ் நன்றாக இருந்தும் நடுக்கம் இருந்தால் எஞ்சினைப் படகில் பிடிக்கும் கவ்விகளை இறுக்குங்கள். அதுவும் இறுக்கமாக இருந்தால் எஞ்சின் தொங்கும் பின்பலகையைச் சுத்தியல் பிடியால் தட்டுங்கள். "டொக்" என்று வந்தால் நல்லது. "பொத்" என்று வந்தால் கண்ணாடி இழைக்குள் இருக்கும் பலகை உக்கிவிட்டது. அந்தப் படகில் ஆட்களை ஏற்றாதீர்கள்.

டீசல் எஞ்சின் நின்றுவிட்டது

மரப்படகு ஓட்டிகளுக்கு இது. டீசலுக்குப் பிளக்கும் பொறியும் இல்லை. அது கேட்பது சுத்தமான எண்ணெய், காற்று, இரண்டும்தான். தாங்கி வற்றும்வரை ஓடி நின்றிருந்தாலோ, வடிகட்டி மாற்றியிருந்தாலோ, குழாயில் காற்றுப் பிடித்திருக்கும். எண்ணெய் ஊற்றினாலும் ஓடாது, காற்றை எடுக்க வேண்டும்.

1. தாங்கியில் எண்ணெய் இருக்கிறதா, திறப்பு திறந்திருக்கிறதா பாருங்கள்.
2. வடிகட்டியின் தலையில் உள்ள காற்று ஆணியை இரண்டு சுற்றுத் தளர்த்துங்கள்.
3. கைப்பம்பை அடியுங்கள். முதலில் நுரை வரும், பிறகு குமிழி, பிறகு குமிழி இல்லாத எண்ணெய். எண்ணெய் பாய்ந்துகொண்டிருக்கும்போதே ஆணியை இறுக்குங்கள்.
4. இன்ஜெக்ரர் பம்பில் உள்ள ஆணியிலும் இதையே செய்யுங்கள்.
5. இன்னும் பிடிக்கவில்லை என்றால் இன்ஜெக்ரர்க் குழாய்களின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி எஞ்சினைச் சுற்றுங்கள். எண்ணெய் துப்பத் தொடங்கியதும் இறுக்குங்கள். அந்தத் துப்பலுக்கு நேரே கையையோ முகத்தையோ வைக்க வேண்டாம். அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

புகையும் ஒரு மொழிதான். கறுப்பு என்றால் பாரம் மிஞ்சிவிட்டது, காற்று வடிகட்டி அடைத்துவிட்டது, அல்லது புரொப்பெல்லரில் ஏதோ சுற்றியிருக்கிறது. நீலம் என்றால் ஒயில் எரிகிறது. காலையில் கொஞ்ச நேரம் வெள்ளை என்றால் குளிர், விட்டுவிடலாம். சூடான பின்னும் வெள்ளை நிற்கவில்லை என்றால் உள்ளே தண்ணீர் போகிறது, அன்றைக்குப் பயணம் வேண்டாம்.

அடித்தட்டில் தண்ணீர் ஏறுகிறது

முதலில் இறைக்கத் தொடங்குங்கள், இன்னொருவர் காரணத்தைத் தேடட்டும். கண்ணாடி இழைப் படகு என்றால் வடிகால் அடைப்பானைப் பாருங்கள். கரையில் மழைநீர் விடக் கழற்றியவர்கள் திரும்பப் போட மறந்திருப்பார்கள்.

மரப்படகில் ஒரு கேள்வி கேளுங்கள்: ஓடும்போது மட்டும் ஏறுகிறதா, கட்டிக் கிடக்கும்போதும் ஏறுகிறதா? ஓடும்போது மட்டும் என்றால் தண்டு வெளியே போகும் இடத்தில் நீரைத் தடுக்கும் கிளாண்ட், அல்லது குளிர்நீர் ரியூப். தண்டு சுழலும்போது கிளாண்டில் சொட்டுச் சொட்டாக விழுவது இயல்பு, அந்தச் சொட்டுதான் அதைக் குளிர்விக்கிறது. நூலாக ஓடினால்தான் பிழை. இரண்டு பக்க நட்டையும் சமமாக, கால் சுற்றுக் கால் சுற்றாக இறுக்குங்கள். சொட்டே இல்லாமல் இறுக்கினால் தண்டு கருகும்.

கட்டிக் கிடக்கும்போதும் ஏறுகிறது என்றால் பலகை இடுக்கு. பல நாள் கரையில் வெயிலில் கிடந்த படகு என்றால் பலகை சுருங்கியிருக்கும். தண்ணீரில் இரண்டு மூன்று நாள் கிடந்து ஊறினால் கசிவு தானே குறையும். அதுவரை ஆட்களை ஏற்ற வேண்டாம். குறையவில்லை என்றால் கலப்பத்து அடிக்க வேண்டும், அதாவது பலகை இடுக்கை அடைக்க வேண்டும், அது தெரிந்த கையால்தான் செய்ய வேண்டும். கடலில் ஓர் இடுக்குத் திறந்துவிட்டால் சாரத்துண்டில் கிறீஸ் பூசிக் கத்தி முதுகால் உள்ளே திணியுங்கள். கரைவரை தாங்கும்.

படகு ஒரு பக்கம் சரிகிறது

நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழா ஆனி மாதத்தில், சோளகம் முழுவீச்சில் அடிக்கும் நேரத்தில் வருகிறது. ஆட்களும் அதிகம், காற்றும் அதிகம். அந்த நாட்களில் துறைக்கு நூறு யார் இருக்கும்போது எல்லோரும் எழும்பி இறங்கும் பக்கத்துக்கு வந்து நிற்பார்கள். படகு கவிழ அந்த நேரம் போதும். எஞ்சினில் ஒரு பிழையும் இருக்காது.

சரியும்போது "மற்றப் பக்கம் போங்கோ" என்று கத்தாதீர்கள். எல்லோரும் ஒரேயடியாக மறுபக்கம் போனால் அந்தப் பக்கம் இன்னும் வேகமாகச் சரியும். "இருந்த இடத்திலேயே கீழே குந்துங்கோ" என்று சொல்லுங்கள். பாரம் கீழே இறங்கினாலே படகு நிமிரத் தொடங்கும். பிறகு இருவர் இருவராக நகர்த்தலாம். எண்ணிக்கை மிஞ்சிவிட்டால் கடைசியாக ஏறியவரைக் கெஞ்சியாவது இறக்கிவிடுங்கள். அர்ச்சனைத் தட்டோடு நிற்கும் அம்மாவிடம் "அடுத்த படகில் வாங்கோ" என்று சொல்ல மனம் வராது, எனக்கும் வந்ததில்லை. ஆனால் பயணிகளும் இதைக் கேட்க வேண்டும்: ஓட்டி ஏற்ற மாட்டேன் என்று சொன்னால் அவர் உங்கள் பிள்ளையை நினைத்துத்தான் சொல்கிறார்.

பற்றரியில் சத்தமே இல்லை

திறப்பைத் திருகினால் "டிக்" என்று மட்டும் வந்தால் பற்றரி முனைகளைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் கழற்றிச் சுரண்டி இறுக்குங்கள். பிறகு கிறீஸ் பூசிவிடுங்கள்.

கரைக்கு வந்த பின்

உப்பைக் கழுவாத எஞ்சினில் மேலே சொன்ன பாதி வருத்தங்கள் தானாக வரும். ஆனால் தீவுகளில் நல்ல தண்ணீர் குடிக்கவே எண்ணி எண்ணி எடுப்பது. எஞ்சினுக்கு ஊற்று என்று நான் எப்படிச் சொல்வது? நாங்கள் செய்வது இது: பாதியாக வெட்டிய பீப்பாய் ஒன்றில் மழைநீரையோ, குடிக்க உதவாத சவர்க் கிணற்று நீரையோ நிரப்பி, அதற்குள் எஞ்சினை இறக்கி ஐந்து நிமிடம் மெதுவாக ஓட்டுகிறோம். சவர்நீரிலும் கடல்நீரைவிட உப்புக் குறைவு. அதே தண்ணீரில் நாலைந்து எஞ்சின் கழுவலாம், பிறகு மாற்றினால் போதும். துறையில் நாலு படகுக்காரர் சேர்ந்தால் ஒரு பீப்பாய் காணும்.

படகில் எப்போதும் இருக்க வேண்டிய பை: பிளக் இரண்டும் அதன் சாவியும், ஒடியும் ஊசி இரண்டு, குறடு, திருப்புளி, மாற்றுப் பந்தோடு ஒரு ரியூப், கவ்விகள் நாலு, தடித்த தங்கூசி ஒரு பாகம் (இரு கை விரித்த நீளம்), கூரான கத்தி, கிறீஸ், ஒட்டுநாடா, டோர்ச், வெறும் போத்தல் ஒன்று. எல்லாவற்றையும் மூடி இறுகும் பிளாஸ்டிக் வாளியில் வையுங்கள். வாளியை நீளக் கயிற்றால் படகோடு கட்டிவிடுங்கள். சின்ன ஆணி, ஊசி கழற்றும்போது மடியில் ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள், விழுவது அதில் விழட்டும்.